நீங்கள் வாங்கித் தந்த டேப்லெட் திரும்பி வருகிறது

சேரப்பணஞ்சேரி,
9.12.2013

மரியாதைக்குரிய பெரிய மச்சான் பலராமன் அவர்களுக்கு, கன்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை செங்கமலமும் சுகம். குன்றத்தூரில் நீங்களும் சுகமாக இருக்க உங்கள் ஊர் முருகனையே வேண்டுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், உங்களுக்குப் பிரஷர் ஏறும். அதனால்தான் கடிதம்.

டேப்லெட்டை இத்துடன் அனுப்புகிறேன். குறை சொல்வதாக நினைக்காதீர்கள், குறைதான் சொல்கிறேன். பத்தாவது கணக்கில் கோட்டைவிட்ட உங்கள் தங்கையை, பாஸ் பண்ணினால் பேக்கிங்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றுகிறேன் என்று செல்போன் கம்பெனி சூப்பர்வைசர் சொல்ல, இருபது வருஷம் கழித்துத் திரும்ப எழுதத் துணிந்தாள். கணக்குப் பாடமெல்லாம் இதற்குள்ளேயே வீடியோவாக இருக்கிறது என்று ஆசை காட்டியது யார்? நீங்கள்தான். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, சலவைத் துண்டை விரித்து டேப்லெட்டை வைத்தாள். கம்பெனியில் போடுகிற வெள்ளைத் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டாள், எனக்கும் ஒரு ஜோடி. "வெறுங்கையால தொட்டா ரேகை வுழும், எங்க லைன்ல மெமோ குடுப்பாங்க" என்று கண்டிஷன். வெளிச்சம் வந்தது, படம் வந்தது, அழுத்தினால் ஒன்றும் நகரவில்லை. நானும் கட்டைவிரலால் அழுத்தி, திருநீறு பூசுவதுபோலத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். துண்டில் சுற்றிப் படப்பையில் இருக்கிற செல்போன் கடைக்கு எடுத்துப் போனால் கடைக்காரர் தொட்டதும் திறக்கிறது. வீட்டுக்கு வந்தால் கல் மாதிரி கிடக்கிறது. இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை அவர், "இன்னா சார், வூட்ல எதனா வாஸ்து பிராப்ளமா?" என்று கேட்டார். நானும் பைத்தியக்காரன் மாதிரி ஈசானி மூலையில் வைத்து, இருவரும் கையுறையோடு உட்கார்ந்து அழுத்தினோம். ம்ஹூம்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். "இதுவே எனக்குத் தொறக்க மாட்டேங்குது, கணக்கு மட்டும் வந்துடுமா? ஃபாரத்தக் கிழிச்சுடு" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். கிழிக்காமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். தயவுசெய்து வேறு டேப்லெட் மாற்றித் தாருங்கள்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தை பூஜாவுக்கு ஆசீர்வாதம். கோபத்திலும் மரியாதை குறையாத,
கன்னியப்பன்

பி.கு.: கடிதத்தோடு டேப்லெட்டைத் தேடாதீர்கள். எழுதிய கடிதத்தை வீணாக்க மனசில்லாமல் இதை மட்டும் அனுப்புகிறேன். கட்டி வைக்கும்போது கடைசியாக ஒருமுறை மடியில் வைத்துப் பார்த்தவள் அழுதுவிட்டாள். கண்ணீர் திரையில் விழ, ஐயோ ஈரம் என்று பதறிக் கையுறையைக் கழற்றி விரலால் துடைத்தாள். வெறும் விரல் பட்டதுமே திறந்துகொண்டது. ஏழு வருஷம் போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவளை ஒரு நாளாவது ஆன் பண்ண விட்டிருக்கிறார்களா, அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எங்கே போயிற்று புத்தி? முதல் கணக்கு தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவது சரி. "இன்னொரு தபா போடறேன், நீ போய் சோத்த வடி" என்றாள். வடிக்க மறந்து நானும் பார்த்துக்கொண்டு நின்றதில் சோறு குழைந்துவிட்டது. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் மச்சான். நாளைக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.