கட்டை எழுத்துக்குக் கட்டுப்பட்டவர்

உலகத்துக்கு ஓர் உண்மையை நிரூபித்தே தீருவது என்று அன்று காலை அச்சகத்துக்காரர் முடிவு செய்தார். உலகம் என்றால் அவர் மனைவி.

அச்சகத்தில் எதற்கு எந்த வடிவ எழுத்து என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். மருந்துக்கடைப் பலகையில் எழுத்து சரியில்லை என்றால், தலைவலியோடே வீடு திரும்பிவிடுவார்.

மனைவி வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவள். எண்ணெய் கலந்தது அவள், கையைச் சுட்டுக்கொண்டது அவள், 'நுரை' என்று பெயர் வைத்ததும் அவள். ஆனால் லேபிளில் எந்த எழுத்து என்பதை மட்டும் அவர்தான் முடிவு செய்வாராம்! எந்த ஊர் நியாயம் இது?

அவள் கேட்டது உருண்டையான மெல்லிய எழுத்து. அவர் பிடித்த பிடி, தடித்த கட்டை எழுத்து.

"நகராட்சி அறிவிப்புக்கு நான் போட்டுக் கொடுத்த எழுத்துடி அது! பார்த்த உடனே ஜனங்க வரிசையில நிக்குது."

"குளிக்க எதுக்குங்க வரிசை?"

அவர் ஒரே சோப்பை இரண்டாக வெட்டினார். ஒரு பாதிக்குக் கட்டை எழுத்து லேபிள், மறுபாதிக்கு உருண்டை எழுத்து லேபிள். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்.

"இது தரை கழுவுறதா தம்பி? மூக்குல ஏறுது." அக்கா கட்டை எழுத்துப் பாதியை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். "இது அருமை! கைக்குழந்தைக்கே போடலாம்."

அச்சகத்துக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பார்த்தியா! ரெண்டும் ஒரே சோப்பு! மூக்கையே ஏமாத்துது எழுத்து! அதனாலதான் சொல்றேன், எழுத்து தெரிஞ்சவன்தான் முடிவு பண்ணணும்."

"அக்காவுக்குப் பிடிச்சது என் எழுத்துங்க."

"அது வேற விஷயம்."

"சரி, உங்களை எழுத்து ஏமாத்தாதா?"

"என்னையா? ஊரையே ஏமாத்துறவன் நான்!"

"அப்போ பந்தயம். பத்தாம் நாள் லேபிள் அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள எழுத்தைப் பார்த்து நீங்க ஏமாந்தா என் எழுத்து. ஏமாறலைன்னா உங்க எழுத்து."

"எழுதி வெச்சுக்கோ!"

அன்றிலிருந்து மனிதர் உஷாரோ உஷார். 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவை நக்கிப் பார்த்தார். 'உப்பு' என்று எழுதியதையும் நக்கிப் பார்த்தார். பற்பசையைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கன்னங்கரேலென்ற கட்டை எழுத்து. சுற்றிலும் தடித்த கோடு.

'அறிவிப்பு. குழாயில் நீரழுத்தம் குறைந்துள்ளதால், பாத்திரங்கள் யாவும் காலை ஏழு மணிக்குள், வீட்டில் வயதில் மூத்தவரால் மட்டுமே கழுவப்பட வேண்டும்.'

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர் நான்கு வயது மூத்தவர்.

"ஏங்க, நானே கழுவிடறேனே?"

"'மட்டுமே'ன்னு போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? நகரு!"

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுல இப்படி ஒண்ணும் ஒட்டலையே சார்?"

"உங்க பக்கம் அழுத்தம் சரியா இருக்கும்" என்றார் அச்சகத்துக்காரர், தேய்த்துக்கொண்டே.

ஒன்பது நாள். ஒருநாள்கூட ஏழு மணியைத் தாண்டவில்லை. பத்தாம் நாள் காலை, நுரைக் கையோடு கூவினார்: "ஜெயிச்சுட்டேன்! ஒரு டப்பாகூட என்னை ஏமாத்த முடியலை! கொண்டா லேபிளை!"

"இந்த அறிவிப்பை யாருங்க ஒட்டினது?"

"நகராட்சிதான், வேற யாரு?"

"நம்ம சமையலறைக்குள்ள வந்தா?"

அச்சகத்துக்காரர் காகிதத்தை உற்றுப் பார்த்தார்.

"முத்திரை இருக்கா? கையெழுத்து இருக்கா? மூத்தவர் கழுவினா அழுத்தம் ஏறுமா? எதையாவது கேட்டீங்களா? உங்க கம்ப்யூட்டர்ல இருந்த உங்க எழுத்துதாங்க. அச்சடிச்சது நான்."

உருண்டை எழுத்து லேபிளைப் பையில் போட்டுக்கொண்டு அவள் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அவமானம் தாங்காமல், அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாக்கக் கையை ஓங்கினார் அச்சகத்துக்காரர். அதன் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது. அதே கட்டை எழுத்து.

'இவ்வறிவிப்பைக் கிழிப்பது தண்டனைக்குரியது.'

கையை இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஒரு டம்ளர் பாக்கி இருந்தது.

கழுவினார்.