வியர்வைக்குப் பூட்டுப் போட்ட சிவப்பு உடுப்பு

வூஹான் நகரத்து ஆற்றங்கரைப் பூங்காவில் காலை ஆறு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அந்த ஜூலை மாதத்தில் நாய்கூட நிழலை விட்டு நகராமல் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. மனிதர்கள் நாயைவிட அறிவாளிகள் அல்லவா! முந்நூறு பெண்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை தடித்த சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கிப் பாட்டுக்குக் கையை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கோங் ஆசான் ஊருக்குள் காலடி வைத்த ஆறே வாரத்தில் நடந்த அற்புதம் இது. வெள்ளைப் பட்டு அங்கி, நெஞ்சு வரை தாடி, காதோடு ஒட்டிய மைக். பனிமலைக் குகையில் முப்பது ஆண்டு இருந்தாராம். குகையில் சவரக் கத்திதான் கிடைக்கவில்லை போலும். மேடைப் பேச்சு நன்றாகவே கிடைத்திருந்தது.

உடற்பயிற்சிக்கு எதை உடுத்துவது என்பதில்தான் ஆயுளே இருக்கிறது என்றார் ஆசான். வியர்வை என்பது உயிர்ச்சாரம். அதை வெளியே விட்டால் ஆயுள் கசிந்து போகும். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் மூட்டுக்குள் குளிர் புகுந்து குடியிருக்கும். ஆகவே வியர்வை வெளியே போகாமலும் காற்று உள்ளே வராமலும் காக்கும் உடுப்பை அவரே பனிமலைக் கல்லைப் பொடித்துச் சேர்த்த மலைக்கல் நூலில் நெய்வித்திருக்கிறார். விலை ஒரு மாத ஓய்வூதியம். கட்டைவிரல் அகலத் துண்டில்கூட முழுச் சக்தியும் உண்டாம், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் ஊடுருவி வருமாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். இங்கே ஆறாகவே ஓடியது.

இதற்கு மேல் ஒரு கொக்கியும் வைத்திருந்தார். சீனர்களின் பன்னிரண்டு விலங்கு ஆண்டுச் சுழற்சியில் அது முயலின் ஆண்டு. முயலாண்டில் பிறந்தவர்களுக்கு முயலாண்டு திரும்பி வந்தால் ஆகாது, சிவப்பு உடுத்தித்தான் தப்ப வேண்டும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சிவப்புக் காலுறை ஒன்றோடு முடிந்துகொண்டிருந்த சங்கதியை ஆசான் முழு உடுப்பாக வளர்த்துவிட்டார். முயல்காரர்கள் உடுப்பைக் கழற்றவே கூடாது. தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும்.

கடைசி வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் வெளுத்துப்போன பருத்திச் சட்டையில் ஆடினாள். பெயர் குய்ஜென். நெசவாலையில் முப்பத்தோரு வருடம் துணியில் பழுது கண்டுபிடித்தவள். ஓடுகிற துணியில் ஓர் இழை நகர்ந்தாலும் அவள் கண் விடாது. சிவப்பு வாங்காதவர்களுக்கு முன்வரிசையில் இடமில்லை என்று ஆட்டக்குழுத் தலைவி தாவ் அம்மாள் சொல்லிவிட்டதால் பின்னுக்கு வந்திருந்தாள். அதுபற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் முன்வரிசையில் ஆடிய லான்யிங்கைப் பற்றித்தான்.

லான்யிங் அவளுக்கு ஆறு வயது மூத்தவள், பக்கத்து வீடு, ஆலையிலும் பக்கத்து இடம். முயலாண்டில் பிறந்தவள். எழுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தம். உடுப்பு வந்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். உடுப்பே இரத்தக் குழாய்களைத் திறந்துவிடுமாம். போன செவ்வாயன்று ஆட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் ஆசான் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார். கூட்டம் கை தட்டியது. ஒருத்தி தனக்கு இன்னும் மயக்கமே வரவில்லையே என்று ஏங்கினாள்.

அன்று மாலை குய்ஜென் தன் தையல் பெட்டியைத் திறந்தாள். லான்யிங் குள்ளம், காற்சட்டையைக் குட்டையாக்கித் தரும்படி அவளிடம்தான் கொடுத்திருந்தாள். வெட்டிய விளிம்பைக் குய்ஜென் வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் காற்று மறுபக்கம் போகவில்லை. பிரித்தால் உள்ளே மேசை விரிப்புக்குப் போடுகிற பிளாஸ்டிக் தாள். மலைக்கல்லைக் காணோம்.

அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். லான்யிங் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின் வரிசைக்குப் போனதுலேருந்து உனக்கு வயித்தெரிச்சல்டி. அவரு என் கையைப் புடிச்சு அமுக்குனப்ப நீயுந்தானே பாத்தே? கை அசையலியே."

உண்மைதான், அசையவில்லை. ஆசானின் பெரிய வித்தையே அது. சாதாரணச் சட்டையோடு ஒருத்தியைக் கையை நீட்டச் சொல்லி மேலிருந்து அமுக்குவார். கை தொபுக்கென்று விழும். சிவப்பு உடுப்பை மாட்டிவிட்டு அமுக்குவார். கை இரும்புக் கம்பியாக நிற்கும். கண்ணால் கண்ட பிறகு புத்திக்கு என்ன வேலை?

அடுத்த நாள் குய்ஜென் ஆட்டத்துக்கு வராதவள்போல் பக்கவாட்டில் நின்று ஆசானின் விரல்களை மட்டும் பார்த்தாள். முதல் முறை விரல்கள் மணிக்கட்டில் இருந்தன. இரண்டாம் முறை முழங்கையை ஒட்டி இருந்தன. அவ்வளவுதான். நேராக வீட்டுக்கு வந்து, அரைக்கால் சட்டையோடு தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்த கணவர் பெங்கை எழுந்து நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டில் அமுக்கினாள், விழுந்தது. முழங்கையருகே அமுக்கினாள், நின்றது. நான்கு தரம் அப்படியே. தனக்குள் இவ்வளவு சக்தி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று பெங் வருத்தப்பட்டார்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று குய்ஜென்னுக்குத் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், ஆனால் இவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டல்லவா நிற்கிறார்கள்!

சனிக்கிழமை காலை. ஆட்டம் முடிந்து ஆசான் மேடை ஏறியதும் குய்ஜென் நான்கு துணிப்பைகளோடு போய் நின்றாள். எல்லாம் வாய் தைத்தவை, ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டவை. மிகப் பணிவாகக் கேட்டாள்.

"ஆசானே, ரெண்டு பையில உங்க உடுப்போட துண்டு இருக்கு. மத்த ரெண்டுல வேற துணி. எதுல எதுன்னு எனக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரரு தைச்சு, சீட்டுல எழுதி, தலைவியம்மாகிட்ட குடுத்திருக்காரு. லான்யிங் அக்கா கழுத்துல ஒவ்வொண்ணா மாட்டறேன். நீங்க அமுக்கிச் சொல்லுங்க. நீங்க சொன்னதெல்லாம் சரியாயிருந்தா நான் ரெண்டு உடுப்பு வாங்கிக்கறேன்."

ஆசான் தாடியை உருவினார். அவள் சேவலாண்டில் பிறந்தவள், சேவலுக்கும் முயலுக்கும் ஆகாது, ஆகவே பைகள் தீட்டுப்பட்டுவிட்டன என்று தொடங்கினார். அப்போது முன்வரிசையிலிருந்த மீன்கடைக்காரி ஒருத்தி, உண்மையான பக்தியோடு, இரும்புப் பெட்டியையே ஊடுருவும் சக்திக்குத் துணிப்பை ஒரு பொருட்டா, காட்டுங்கள் ஆசானே என்றாள். கூட்டமும் ஆமாம் போட்டது. பக்தர்கள்தான் எப்போதும் சாமியாரை வசமாக மாட்டிவிடுகிறவர்கள்.

லான்யிங் சிவப்பைக் கழற்றமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். ஐந்து நிமிடம்தானே என்று தலைவியே கெஞ்சிய பிறகு உள்சட்டையோடு நின்றாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு வெந்து சிவந்திருந்தது.

ஒவ்வொரு பையையும் ஆசீர்வதிப்பதுபோல் ஆசான் கட்டைவிரலால் தடவினார். தடித்திருந்த முதல் பைக்கு லான்யிங்கின் கை அசையாமல் நின்றது. "பார்த்தீர்களா, மலைக்கல் பேசுகிறது" என்றார். மெல்லிய இரண்டாவதற்குக் கை விழுந்தது. வெறும் கந்தல் என்றார். மூன்றாவதும் தடிப்பு, நின்றது. நான்காவது விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

தாவ் அம்மாள் கத்தரியால் தையலை வெட்டினாள். முதல் பையிலிருந்து வந்தது ஒரு பழைய பழுப்பு நிறக் கம்பளி உள்காற்சட்டை. முழங்காலில் இரண்டு ஒட்டு.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து பெங் கையைத் தூக்கினார். "அது என்னுது."

இரண்டாவது பையில் லான்யிங் காற்சட்டையின் சிவப்பு விளிம்பு. மூன்றாவதில் சமையலறைப் பிடிதுணி. நான்காவதில் மறுபடி சிவப்பு. தலைவி சீட்டைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள், நான்கும் தப்பு என்று கம்மிய குரலில் வாசித்தாள். பெங்கின் உள்காற்சட்டைக்குப் பனிமலைச் சக்தி இருப்பது மட்டும் ஐயமின்றி நிரூபணமாயிற்று.

சக்தி இன்று உபவாசத்தில் இருக்கிறது என்பதுபோல் ஆசான் ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. குய்ஜென் லான்யிங்கின் கையைத் தூக்கி எல்லாருக்கும் தெரிய மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கையருகே ஒருமுறை அமுக்கிக் காட்டினாள். அடுத்த நிமிடம் முந்நூறு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசான் கம்பி நீட்டலாம் என்று தம் வண்டியை நோக்கி நகர்ந்தபோது மீன்கடைக்காரி குறுக்கே நின்றாள். அவள் இழுத்த இழுப்பில் தாடி பாதி கையோடு வந்தது. சாயம் மட்டுமல்ல, பசையும் விட்டுப் போயிற்று. காவலர் வரும்வரை அவரைச் சுற்றி முந்நூறு சிவப்பு உடுப்புகள் வேலி கட்டின. அந்த உடுப்பு யாருக்காவது பயன்பட்டது என்றால் அந்த அரைமணி நேரம்தான்.

குய்ஜென் அங்கே நிற்கவில்லை. லான்யிங்கை மரநிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தன் கைப்பையில் கொண்டுவந்திருந்த அவளுடைய மாத்திரையை எடுத்து நீட்டினாள். கிழவி மறுக்காமல் விழுங்கினாள். குய்ஜென்னுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. செவ்வாய்க்கிழமையே இவள் எழாமல் போயிருந்தால்?

அவள் தன் பழைய பருத்திச் சட்டை ஒன்றை லான்யிங்கின் தோளில் போட்டாள். வேர்வையை வெளியே விடுகிற மெல்லிய துணி, தளர்வாக, காற்றுப் போகிற மாதிரி; நனைந்தால் மாற்ற இன்னொன்று; ஆடுவதற்கு இவ்வளவு போதும் என்று சொன்னாள். லான்யிங் தலையாட்டினாள். சட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கூடியிருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சரிடி, இந்தப் பருத்தியில முயல்காரி நான் எந்த நிறம் எடுத்தா தோஷம் தீரும்?"

குய்ஜென் அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்தாள்.

"முயல் வருஷத்துல பொறந்தீங்க அக்கா, முயலாப் பொறக்கல. கொஞ்சம் யோசிங்க."