வான்மதிக்கு ஏசி கோர்ஸ் கிடைத்த விதம்

டெக்சஸின் சுகர் லேண்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கூடத்தை முடித்தால், அடுத்து என்ன செய்வது என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம் அல்ல. அதற்கென்று தமிழ்ச் சங்கத்தில் ஒரு குழு இருக்கிறது. 'எதிர்கால வழிகாட்டு உயர்மட்டக் குழு' என்று பெயர். தாழ்மட்டக் குழு எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதில் தங்களைப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

குழுவின் தலைவர் ஜம்புநாதன் அங்கிள். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. என்ன வேலை என்று அவர் மகன் ஆர்யனுக்கே தெரியாது. மீட்டிங்குக்குப் போவார், மீட்டிங்கிலிருந்து வருவார். இன்னொரு உறுப்பினர் நசீமா ஆன்ட்டி, குழந்தைகள் டாக்டர். டூட்டி முடிந்து நேராக வருவதால் பாதி நேரம் தூங்குவார், மீதி நேரம் உண்மையைச் சொல்வார். இரண்டையும் குழு பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

குழுவின் நடைமுறை எளிது. 'உன்னோட பேஷன் என்ன, எதுல உனக்கு உயிர்' என்று பிள்ளையிடம் கேட்பார்கள். உயிர் எதிலாவது இருந்தே ஆக வேண்டும். இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரப்படும். பிள்ளை எதைச் சொன்னாலும் குழு அதை மதிக்கும். மதித்து, அப்படியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வேலையிலோ கம்ப்யூட்டரிலோ விட்டுவிட்டு வரும். ஸ்ம்ருதி பரதநாட்டியம் என்றாள். பரதநாட்டியம் என்றால் முழங்கால், முழங்கால் என்றால் எலும்பு. எலும்பு டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். ரோஹன் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, தனக்குத் தூங்குவதுதான் பிடிக்கும் என்றான். மயக்க மருந்து டாக்டர் ஆகச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் குழுவின் முன்னால்தான் குமாரசாமியின் மகள் வான்மதி வந்து உட்கார்ந்து, ஏசி மெக்கானிக் ஆகப் போகிறேன் என்றாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்திடம் கார் இல்லை, அப்பாவிடம்தான் இருந்தது. டெக்சஸில் கார் இல்லாதவர்கள் வீட்டு வாசல் வரைக்கும்தான் சுதந்திரமானவர்கள். ஏசி கோர்ஸ் இருந்த கம்யூனிட்டி காலேஜ் ஃப்ரீவேயில் அரை மணி தூரம். கமிட்டி சரி என்றால் நானும் சரி என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஏசிமேல் ஆசை வந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. போன கோடையில் வீட்டு ஏசி செத்துப்போனது. மெக்கானிக் கூரைக்கு அடியில் இருக்கிற பரணில், அதாவது அட்டிக்கில் ஏறினார், இவளும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஏறினாள். காலையில் ஓடாதது சாயங்காலம் ஓடியது. ஒரு வேலை தொடங்கின அன்றைக்கே முடிவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவள் பிரைமரி ஸ்கூலில் இருந்தபோது அப்பா சேர்ந்த ப்ராஜெக்ட் இன்னும் முடியவில்லை.

ஜம்புநாதன் அங்கிள் கண்ணை மூடி, விண்ணப்பதாரரின் ஆசையை உரிய முறையில் பரிசீலித்தார்.

"ஏசின்னா குளிர். குளிர்னா சளி. சளின்னா காது மூக்கு தொண்டை. ஈஎன்டி பண்ணிடும்மா, நல்ல ஃபியூச்சர்."

"இல்ல அங்கிள். ஏசி ரிப்பேர்."

"அதேதாம்மா. மனுஷனுக்கு ஏசி எது? மூக்கு."

"மூக்கு ஹீட்டர்" என்றார் நசீமா ஆன்ட்டி, கண்ணைத் திறக்காமல். "காத்தைச் சூடு பண்ணித்தான் உள்ள அனுப்பும்."

அது உறுப்பினரின் தனிப்பட்ட கருத்து என்று தலைவர் அறிவித்தார். பிறகு வான்மதி பக்கம் குனிந்து, கையால் வேலை செய்வதற்கா உன் அப்பா இவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்டார். ஆன்ட்டியும் கையால்தானே ஊசி போடுகிறார் என்றாள் வான்மதி. இங்கேயே பிறந்த பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் இங்கிலீஷில் பேசும், பெரியவர்கள் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். இவள் ஆறு வயதில் வந்தவள், தமிழிலேயே எதிர்த்துப் பேசினாள். அது ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

'விண்ணப்பதாரரின் ஆர்வம் கோடை வெப்பத்தால் ஏற்பட்ட தற்காலிக மனநிலை' என்று குழு தீர்ப்புச் சொன்னது. அப்பா கார் சாவியைத் தன் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஜம்புநாதன் அங்கிள் ஆன்லைனில் ஒரு லெக்சர் கேட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் இனிமேல் ஏஐ செய்துவிடும், கையால் செய்கிற வேலைதான் மிஞ்சும் என்று அதில் யாரோ சொன்னார்கள். அங்கிள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அன்றைக்கே அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஏஐ என்ன வேணா பண்ணும்" என்று கூட்டத்தில் முழங்கினார். "ஆனா அட்டிக்குல ஏறுமா?"

ஏறாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அட்டிக்கில் ஜம்புநாதனும் ஏற மாட்டார் என்று நசீமா ஆன்ட்டி சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை.

வான்மதியை மேடைக்குக் கூப்பிட்டு, எதிர்காலத்தை முன்கூட்டியே கண்ட இளம் மேதை என்று சொல்லி, ஜூலை மாத டெக்சஸ் வெயிலில் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். வியர்த்து ஊற்றியது. அப்பா அழுதுவிட்டார். நான் அப்பவே சொன்னேன் என்று எல்லாரிடமும் சொன்னார். எப்போது சொன்னார் என்று அம்மாவுக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று வான்மதி நினைத்தாள். நம் ஆட்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஒரே வாரத்தில் ஜம்புநாதன் அங்கிள் வீட்டுக் கராஜில் ஏசி கோச்சிங் க்ளாஸ் தொடங்கியது. ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஃபவுண்டேஷன், சனி ஞாயிறில் மாதிரித் தேர்வு. கராஜில் ஏசி கிடையாது என்பதால் பாடத்தைப் புத்தகத்திலிருந்து நடத்தினார்கள். ஆர்யன் 'எல்லோர்க்கும் குளிர்' என்று ஒரு தொண்டு நிறுவனமே ஆரம்பித்துவிட்டான். அதன் சேவை, ஒரு போட்டோவும் ஒரு வெப்சைட்டும். 'நான் முதன்முதலில் வெப்பக் காற்றை உணர்ந்த நாள்' என்று பிள்ளைகள் கட்டுரை எழுதினார்கள். எலும்பு டாக்டருக்குப் போன ஸ்ம்ருதியைத் திருப்பிக் கூப்பிட்டு, முழங்காலுக்கும் ஏசிக் காற்று போகிற டக்ட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுத வைத்தார்கள். அவள் அழகாகவே எழுதினாள்.

காலேஜில் அந்தக் கோர்ஸை நடத்துகிறவர் மிஸ்டர் டேல். டெக்சஸ்காரர், தொப்பியைக் கழற்றாதவர். அதுவரை அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: ஆகஸ்ட் மாதம் அட்டிக்கில் ஏறுவாயா? ஏறுவேன் என்றால் உள்ளே வந்து உட்காரலாம். இப்போது அவர் மேஜையில் சிபாரிசுக் கடிதங்கள் குவிந்தன. ஒரு பையன் ஆராய்ச்சிக் கட்டுரையே இணைத்திருந்தான். காலேஜ் நிர்வாகத்துக்கு ஏக சந்தோஷம். உடனே கட்-ஆஃப் மார்க் வைத்தார்கள், கட்டுரைப் போட்டி வைத்தார்கள், நேர்முகத் தேர்வுக்கு ஒரு நேர்முகத் தேர்வு வைத்தார்கள்.

வான்மதியின் மார்க் சுமார். தொண்டு நிறுவனமும் இல்லை. அவளுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று மெயில் வந்தது.

ஜம்புநாதன் அங்கிள் வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். எல்லாருக்கும் ஏசி கிடைத்துவிடாது, மனதைத் தளரவிடக் கூடாது, கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் காலியாகத்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் சேர்ந்துவிடலாம் என்றார். அம்மா இந்தியன் ஸ்டோரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே, பக்கத்தில் நின்றவரிடம் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு கம்ப்யூட்டர்தான் படிக்கப் போறா. என்ன பண்றது, ஏசி கிடைக்கல."

ஆகஸ்டில் கோர்ஸ் ஆரம்பித்தது. முதல் நாளே மிஸ்டர் டேல் எல்லாரையும் பயிற்சிக் கட்டடத்தின் அட்டிக்கில் ஏறச் சொன்னார். பெற்றோர்கள் கீழே தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். அட்டிக்கில் ஏசி இருக்கிறதா என்று ஒருவர் விசாரித்தார். இருந்தால் எதற்கு ஏறப் போகிறார்கள் என்று டேல் திருப்பிக் கேட்டார். ஸ்ம்ருதி ஏணியின் பாதியிலேயே எலும்பு டாக்டர் ஆவது என்று முடிவு செய்தாள். ஆர்யன் மட்டும் உள்ளே போனான், ஒரு போட்டோ எடுக்கிற நேரம் இருந்தான், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வகுப்பு காலி. 'மேற்படி கோர்ஸ் நமது பிள்ளைகளின் தரத்துக்கு ஏற்றதாக இல்லை' என்று குழு அறிக்கை விட்டது. மிஸ்டர் டேல் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்த வான்மதிக்கு போன் செய்து, காலையில் வந்து கையெழுத்துப் போடு, இடம் நிறைய இருக்கிறது என்றார்.

அவள் துள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அப்பா கையில் போன். குழுவின் அறிக்கை அவளுக்கு முன்னாலேயே அவரிடம் வந்துவிட்டது.

"நல்லவேளை உனக்குக் கிடைக்கல" என்றார். "எல்லாரும் வேணாம்னு ஓடி வந்துட்டாங்களாம். போனா சும்மாவே குடுக்கறாங்களாம். சும்மா குடுக்கறதுல போய் என் பொண்ணு சேருவாளா?"

நேற்றுவரை கிடைக்கவில்லையே என்று படுத்த படுக்கையாய் இருந்த மனிதர். கிடைக்காதவரைதான் அது படிப்பு, கிடைத்துவிட்டால் குப்பை. இவரிடம் ஆசையைச் சொல்லிப் பயனில்லை என்று வான்மதிக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அவருக்குப் புரிகிற மொழியில் பேசினாள்.

"அவங்க வேணாம்னு வரலப்பா. அட்டிக்தான் ஃபைனல் ரவுண்டு. அதுல எல்லாரும் ஃபெயில்."

அப்பா போனைக் கீழே வைத்தார். "ஆர்யனுமா?"

"அவனைத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க."

"அப்ப யாரைத்தான் எடுத்தாங்க?"

"என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து. என்னை மட்டும்."

அப்பா எழுந்து நின்றார். கண் கலங்கியது. பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து, பிரசாதம் மாதிரி அவள் கையில் வைத்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவரும் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சங்கத்து வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டார்.

மறுநாள் காலை வான்மதி காலேஜுக்குப் போனபோது பார்க்கிங்கில் இடம் இல்லை. ஆபீஸ் வாசலிலிருந்து கிளம்பிய வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ரோடு வரைக்கும் வந்திருந்தது. முன்னால் ஜம்புநாதன் அங்கிள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மறுதேர்வு வேண்டும் என்று மிஸ்டர் டேலிடம் இரண்டு கையையும் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆர்யன், தலையில் ஐஸ் பையோடு. டேல் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

வரிசையின் கடைசியில் பக்கத்து ஊரான கேட்டியிலிருந்து வந்த ஒரு ஆன்ட்டி, மகனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். இவளைப் பார்த்ததும் பரிதாபமாகச் சிரித்தார்.

"நீயும் இதுக்குத்தானாம்மா? ரொம்பக் கஷ்டம். மொத்தமே ஒரு பொண்ணைத்தான் எடுத்திருக்காங்களாம். குமாரசாமின்னு ஒருத்தர் பொண்ணு. அதெல்லாம் பொறக்கும்போதே அப்படிப் பொறக்கணும்."

"ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, வான்மதி அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.