பதினான்காம் நீட்டிப்பு

29 அக்டோபர் 2019, செவ்வாய்க்கிழமை
காலை 9.10 மணி

அன்புத் தங்கை ஒடில்யாவுக்கு,

உன் அண்ணன் எவாரிஸ்தோ ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி ஹோர்டென்சியாவும் நலம். நலம் என்று எழுதுவது மரபு. நான் மரபை மீறுபவன் அல்லன். ஆகையால் என் இடது முழங்கால் செப்டம்பர் 3 முதல் மடங்க மறுப்பதையும் அவளுடைய ரத்த அழுத்தத்தையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கிக்கொள்ளவும். 17ஆம் தேதியிட்ட உன் கடிதம் 24ஆம் தேதி, வியாழக்கிழமை, கிடைத்தது. பதில் எழுத ஐந்து நாள் ஆனதற்குச் சோம்பல் காரணமன்று. நான்கு நாள் தவறான பதில்களை எழுதிக் கிழித்தேன்.

உன் கோரிக்கை இது. நவம்பர் 9, குடியரசு நாள் அணிவகுப்பில் ஜெட் விமானம் ஓட்டும் வாய்ப்புக்கு இருவர் காத்திருக்கிறார்கள். ஒருத்தி உன் மகள் லெப்டினன்ட் ரொமினா. மற்றவன் லெப்டினன்ட் ஃபாவுஸ்தோ; அவனுக்குச் செனட்டர் ஒருவர் பெரியப்பா. படைத்தளத் தலைவர் கர்னல் இரியார்த்தை நான் முப்பது ஆண்டுகளாக அறிவேன் என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறாய். "நம்ம பொண்ணு வானத்துல போறத ஊரே அண்ணாந்து பாக்கணும் அண்ணா, அவ அப்பா இருந்தா இதுக்கு உங்க கால்ல விழுந்திருப்பாரு" என்று எழுதியிருக்கிறாய். மறைந்த மாப்பிள்ளை யார் காலிலும் விழக்கூடியவர் அல்லர் என்பது ஒருபுறம் இருக்க, நான் அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். கடிதம் நெடுகிலும் "விமானங்கள்" என்கிறாய். பறக்கும் ஜெட் ஒன்றே ஒன்று. 1985இல் பன்னிரண்டு வந்தன, ஆயுதக் கிடங்கு மேற்பார்வையாளன் என்ற முறையில் நானே எண்ணி வாங்கினேன், அவற்றில் மூன்று விழுந்தன, எட்டு விழவில்லை ஆனால் பறப்பதும் இல்லை, ஏனென்றால் ஒன்றின் பம்பு போனால் அடுத்ததிலிருந்து கழற்றினோம், அடுத்ததன் சக்கரம் போனால் அதற்கும் அடுத்ததிலிருந்து கழற்றினோம், இப்படிக் கழற்றிக் கழற்றி ஏழு எலும்புக்கூடுகள் கொட்டகையில் நிற்கின்றன, எட்டாவதை 1998 மே 4 அன்று ஊர் எல்லை ரவுண்டானாவில் நினைவுச்சின்னமாக ஏற்றி வைத்து மேயர் நாடா வெட்டினார், அதையாவது விட்டார்களா என்றால் 2014 மார்ச் 11 அன்று சார்ஜென்ட் மெலித்தோன் ஓர் ஏணியோடு போய் அதன் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாத்தே இலைத் தேநீர் குடித்தபடி அந்தப் பக்கம் வந்த போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டாராம்:

"யாருய்யா அது, நினைவுச்சின்னத்துல திருடுறது?"

"திருடல சார். விமானப்படை."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

அந்தச் சக்கரம்தான் இப்போது உன் மகள் ஓட்ட ஆசைப்படும் விமானத்தின் மூக்குக்குக் கீழே இருக்கிறது. நினைவுச்சின்னம் பால் வண்டிச் சக்கரத்தில் நிற்கிறது. பார்ப்பவர்கள் குறை சொன்னதில்லை.

அணிவகுப்பில் மூன்று விமானம் பார்த்தேன் என்பாய். பார்த்திருப்பாய். வாலின் இடப்பக்கம் 204 என்றும் வலப்பக்கம் 209 என்றும் எழுதியிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வந்தால் ஒரு விமானம், திரும்பி மேற்கிலிருந்து வந்தால் இன்னொரு விமானம், மூன்றாம் முறை உயரத்தில் போவதால் எண் தெரியாது. ஒலிபெருக்கியில் "இதோ, நமது இரண்டாவது விமானம்" என்று முழங்குவார்கள். போன ஆண்டு எனக்குப் பக்கத்தில் நின்ற எம்பனாடா பலகாரம் விற்கும் பெண்மணி, "ரெண்டாவதும் அதே எடத்துலதான் புகை விடுது, இரட்டைப் பிள்ளைங்க போல" என்றாள். நான் சீருடை அணிந்திருக்கவில்லை, ஆகவே சிரித்தேன்.

ரேடாரைப் பற்றியும் இரண்டு வரி. அது திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வானத்தைப் பார்க்கிறது, மற்ற நேரத்தில் ஆளில்லை, இது எல்லைக்கு அப்பால் இருக்கும் கடத்தல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் சனி, ஞாயிறு வருகிறார்கள், நேரம் தவறியதில்லை, இந்த ஆண்டு ஜூன் 16, ஞாயிறு, பண்ணைக்காரர் ஒருவர் தளத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "என் மேய்ச்சல் நிலத்துல ஒரு விமானம் எறங்கியிருக்கு, மூட்டை மூட்டையா எறக்குறாங்க" என்று சொல்ல, காவலுக்கு இருந்தவன், "அவசரம்னா திங்கக்கிழமை காலையில கூப்பிடுங்க" என்றான். அவன்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். காரணம், எட்டு மணிக்குமேல் என்று அவன் தெளிவாகச் சொல்லவில்லை.

இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இனி எழுதுவதை நான் ஹோர்டென்சியாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஜெட்டில் விமானியின் இருக்கைக்கு அடியில் ஒரு தோட்டா உண்டு. விமானம் விழப்போகிறது என்றால் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார், தோட்டா வெடிக்கும், இருக்கை அவரோடு சேர்ந்து மேலே எறியப்படும், பிறகு பாராசூட். தோட்டா வெடிக்காவிட்டால் அது வெறும் நாற்காலி. இருபது தோட்டாக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 8 நவம்பர் 1985 என்ற முத்திரை, ஆயுள் எட்டு ஆண்டு. 1993இல் புதியவை கேட்டோம். செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. அப்போது அமைச்சகத்தில் யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்ததுதான் காலாவதி நீட்டிப்புச் சான்றிதழ். தகுதி பெற்ற ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்டால் தோட்டாவின் ஆயுள் இரண்டு ஆண்டு கூடும். தகுதி என்பது வெளிநாட்டில் ஆறு வாரப் படிப்பு. அதைப் படித்தவன் இந்நாட்டில் நான் ஒருவன்.

சோதனை எப்படி என்றால், ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது. வெடித்தால் மற்றவை நல்லவை. ஆனால் வெடித்தது போய்விடும். இப்படி 1993, 95, 97, 99, 2001, 2003 என்று ஆறு முறை, ஆறு தோட்டா. ஏழாவது சோதனை 8 நவம்பர் 2005, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. இரியார்த் அப்போது மேஜர், எனக்குப் பக்கத்தில் நின்றார். சுட்டேன். வெடிக்கவில்லை. விதிப்படி பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி சுட்டேன். வெடிக்கவில்லை. மூன்றாம் முறையும் அதுவே. நான் பதிவேட்டைத் திறந்தேன். மேஜர் அதன்மேல் கையை வைத்து, பெரியவர்களுக்குப் போடும் 'டான்' மரியாதையோடே கேட்டார்.

"என்ன எழுதப்போறீங்க டான் எவாரிஸ்தோ?"

"தோல்வின்னுதான் எழுதணும், வேற என்ன எழுதறது?"

"கொஞ்சம் யோசிங்க. இருபதுல ஒண்ணு கெட்டது இருந்திருக்கு. அது எதுன்னு இத்தனை நாளா நமக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு, வெளிய எடுத்தாச்சு. அப்ப மிச்சம் பதிமூணும் நல்லதுதானே?"

"அது கணக்கு இல்ல மேஜர்."

"கணக்கு இல்லன்னா நாளைக்கே ஸ்குவாட்ரனை மூடணும். நூத்தி நாப்பது குடும்பம். அதையும் நீங்களே எழுதிடுங்க. இன்னொண்ணு, இனிமே சுட்டுப் பாக்க வேண்டாம். சுட்டா ஒண்ணு கொறையுது. நம்புனா கொறையாது."

நான் எழுதினேன், ஒடில்யா. "சோதிக்கப்பட்டது. எஞ்சியவை ஏற்கத்தக்கவை." தேதி, நேரம், கையெழுத்து. அன்று முதல் பார்வைச் சோதனை மட்டுமே: தோட்டாவைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சான்றளிப்பது.

9 அக்டோபர் 2009, வெள்ளிக்கிழமை, காலை 11.35க்கு கேப்டன் லிசாண்ட்ரோவின் விமானம் ஆற்றின் முகத்துவாரத்தில் விழுந்தது. நீயும் செய்தித்தாளில் படித்திருப்பாய். இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். அவர் இருக்கையிலேயே இருந்தார். கைப்பிடியை இழுத்தாரா, நேரமில்லாமல் போனதா என்று உறுதி செய்ய இயலவில்லை என்பது விசாரணைக் குழுவின் முடிவு. இயலும். மெலித்தோன் தூக்கியவர்களில் ஒருவன், அவன் என் கிடங்கு வாசலில் வந்து நின்று, "வலது கை புடியிலதான் சார் இருந்துச்சு. விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தோம். புடி முழுசா வெளிய வந்திருந்துச்சு" என்றான். "குழுவுல சொன்னியா?" என்றேன். "அவங்க கேக்கல" என்றான். என்னையும் குழு அழைத்தது. சான்றிதழின் தேதியைக் கேட்டார்கள். 8 நவம்பர் 2007 முதல் 8 நவம்பர் 2009 வரை செல்லும் என்றேன். விபத்து நடந்தபோது முப்பது நாள் மிச்சமிருந்தது. குழுத் தலைவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக ஆவணம் வைத்திருக்கும் பிரிவை நான் கண்டதில்லை என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். அதுதான் நான் அங்கே பேசிய கடைசி வார்த்தை.

அதற்கடுத்த மாதம் ஒன்பதாம் நீட்டிப்பிலும் கையெழுத்திட்டேன். 31 டிசம்பர் 2010 அன்று ஓய்வு பெற்றேன். காகிதம் ஓய்வு பெறவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தது. 2011, 13, 15, 17. ஹோர்டென்சியா காப்பி கொடுப்பாள், நான் கையெழுத்துக் கொடுப்பேன். அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை இல்லை என்பது மட்டும் தெரியும். இதைவிடக் கேவலமாக ஒரு வாக்கியத்தை என் எழுபத்தெட்டு வயதில் எழுதியதில்லை. ஆனாலும் உண்மை என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

ரொமினா 2018 பிப்ரவரி 5 அன்று ஸ்குவாட்ரனில் சேர்ந்தாள். இப்போதைய சான்றிதழ் நவம்பர் 8ஆம் தேதியோடு முடிகிறது. அணிவகுப்பு 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு. போன சனிக்கிழமை, 26ஆம் தேதி, கர்னலே நேரில் வந்தார். காகிதத்தை மேசையில் வைத்தார். முடியாது என்றேன்.

"பதிமூணு தடவை முடிஞ்சது, இப்ப என்ன?"

"இப்ப என் தங்கச்சி மக உக்காருவா."

"அப்ப லிசாண்ட்ரோ யாரோட மகன், ரோட்டுல கெடந்தவனா?" என்று அவர் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "ஜனாதிபதி வர்றாரு டான் எவாரிஸ்தோ. அழைப்பிதழ் அச்சாகிப்போச்சு. சான்றிதழ் இருந்தாலும் பறக்கும், இல்லாட்டியும் பறக்கும்" என்று சொல்லி, காப்பி குடிக்காமல் போய்விட்டார். காகிதத்தையும் எடுத்துப் போனார்.

ஆகவே, தங்கையே, என் முடிவு இது. பதினான்காம் நீட்டிப்பில் நான் கையெழுத்திடப்போவதில்லை. என் கையை வெட்டினாலும் இல்லை. ரொமினாவுக்காகச் சிபாரிசும் செய்யப்போவதில்லை. மாறாக, நீ அவளிடம் பேசு. வயிற்றுவலி என்று சொல்லச் சொல். கல்யாணம் என்று சொல்லச் சொல். எதையாவது சொல்லித் தரையில் இருக்கச் சொல். செனட்டரின் தம்பி மகன் பறக்கட்டும் என்று எழுத வந்தேன். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். யாரும் பறக்க வேண்டாம். அன்று மழை பெய்தால் நல்லது. நவம்பர் 9இல் கடந்த இருபது ஆண்டில் நான்கு முறை மழை பெய்திருக்கிறது.

உனக்கும் உன் வீட்டுக்கும் கடவுள் துணையிருக்கட்டும். ரொமினாவுக்கு என் முத்தங்களும் ஆசிகளும்; நூறாண்டு வாழட்டும் என்பதை இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

என்றும் உன் அன்பு அண்ணன்,
எவாரிஸ்தோ

பின்குறிப்பு: அதே நாள், மாலை 4.50. உறையை ஒட்டும் முன் ரொமினா வந்தாள். கர்னல் அனுப்பவில்லை, தானே வந்ததாகச் சொன்னாள். கையில் அதே காகிதம். மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் வாயால் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "தோட்டா வெடிக்காதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் மாமா. அந்தக் கைப்பிடிக்கு நாங்க 'ஜெபமாலை'ன்னு பேரு வெச்சிருக்கோம்" என்றாள். பிறகு ஏன் போகிறாய் என்றேன். "நான் போகலன்னா ஃபாவுஸ்தோ போவான். அவனுக்கு அந்த முன்சக்கரத்துல எறக்கத் தெரியாது" என்றாள். அப்புறம் விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். செல்லும் சான்றிதழ் இருக்கும்போது விமானி இறந்தால் பணியில் மரணம், குடும்பத்துக்கு ஓய்வூதியம். சான்றிதழ் இல்லாமல் பறந்து இறந்தால் அது விமானியின் சொந்தப் பொறுப்பு, ஒன்றும் கிடையாது. "லிசாண்ட்ரோ சார் வீட்டுல மூணு பிள்ளைங்க படிச்சது உங்க கையெழுத்துலதான் மாமா. அம்மாவுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள்.

கையெழுத்திட்டுவிட்டேன். பார்வைச் சோதனைக்கு அவளே தோட்டாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்; அழகாகத்தான் இருக்கிறது. கர்னலுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வாய்ப்பு ரொமினாவுக்கே, உன் விருப்பப்படி. ஆகவே மேலே உள்ள பக்கங்களை நீ படிக்காததாகவே கொள்ளவும். இத்துடன் சான்றிதழின் நகல் ஒன்று இணைத்திருக்கிறேன். ஈரம் படாத இடத்தில் வை. 8 நவம்பர் 2021 வரை செல்லும். தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். யாரும் உன்னிடம் கேள்வி கேட்க முடியாது.