சைரன் மேடத்துக்குப் பிறகு யார்?

சிக்னல் இல்லாமல், போலீஸ் இல்லாமல், கையைக்கூட நீட்டாமல், வெறும் குரலை வைத்தே பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரியை நிறுத்தக்கூடிய ஒரே மனுஷி எங்கள் சைரன் மேடம்தான். நம்பாதவர்கள் சென்னீர்குப்பம் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள். எங்கள் மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து மைதானம் சாலையை ஒட்டியே இருக்கிறது. ஒருநாள் காலைப் பயிற்சியில் ஒரு பெண் தப்பாகப் பாஸ் கொடுத்தாள். "நில்லுடீ!" என்றார் மேடம். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "நான் இன்னா பண்ணேன்கா?" என்று கேட்டார்.

மேடத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. விசில் என்ற பொருளை அவர் கையால் தொட்டதில்லை. "கடவுள் தொண்டை குட்த்துகீறான். அத்த வுட்டுட்டு பிளாஸ்டிக்க ஊதணுமா?" என்பார். ஆவடியில் பிறந்து, அண்ணன்களோடு சண்டை போட்டே வளர்ந்தவர். மாவட்டத்தில் அவர் ஜெயிக்காத கோப்பை இல்லை. பிரின்சிபால் அறையில் கோப்பைகள் வைக்க இடமில்லாமல், அலமாரியிலிருந்த புத்தகங்களைத்தான் இடம் மாற்றினார்கள்.

நான் அவரிடம் ஆடியவள். படிப்பு முடிந்ததும் அவருக்கே உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். எனக்குச் சாந்தி என்று அழகான பெயர் இருக்கிறது. மேடத்துக்கு நான் "இந்தா, அசிஸ்டென்ட்டு!"

அவருடைய பயிற்சி முறைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. மாலை நெரிசல் நேரத்தில் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு முனையில் நிறுத்தி ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து, "தட்டிகினே அந்தாண்ட போ. பந்து கைய வுட்டுப் போவக்கூடாது, யாரு மேலயும் இடிக்கக்கூடாது" என்பார். பெண்கள் கூட்டத்துக்குள் குனிந்து, வளைந்து, பெட்டிகளைத் தாண்டி ஓடுவார்கள். ஒருமுறை ஒரு பந்து போய்ப் பூக்கார அம்மாவின் கூடையில் கச்சிதமாக விழுந்தது. அந்த அம்மா போட்ட கூச்சலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "என்னம்மா நடக்குது இங்க?" என்றார்.

"டிரிப்ளிங்கு சார்" என்றார் மேடம். "இந்தக் கும்பலத் தாண்டிப் போற பொண்ண எவ தடுப்பா, சொல்லுங்க?"

போலீஸ்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த போட்டியில் எங்கள் பெண்கள் எதிரணியைப் பூக்கூடை, டிரங்குப் பெட்டி, கண்டக்டர் என்று வரிசையாக நினைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

இன்னொரு விசேஷம். ஜெயித்தால் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்கத் திட்டு. தோற்றால் பரோட்டா. ஜெயித்தவளுக்குத் தலை வீங்கும், தோற்றவளுக்கு வயிறு காயும், இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பது அவர் சித்தாந்தம். அரையிறுதி ஒன்றின் இடைவேளையில் ஒரு பெண் என் காதோரம் வந்து, "அக்கா, ரொம்பப் பசிக்குது. தோத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் கல்லூரி கலங்கியது. நான் மட்டும் கலங்கவில்லை. அடுத்தது நான்தான் என்பது ஊருக்கே தெரியும். மேடம் மாதிரியே இடுப்பில் கைவைத்து நிற்பேன். மேடம் மாதிரியே டீயில் சர்க்கரை வேண்டாம் என்பேன். தொண்டையும் ஓரளவு வரும். லாரி நிற்காவிட்டாலும் ஸ்கூட்டி நிற்கும்.

ஆனால் பிரின்சிபால், நேர்முகத் தேர்வு வைத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார். மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தேர்வு குளிரூட்டிய அறையில் நடக்காது, கோர்ட்டில்தான் நடக்கும், கேள்விகளை அவர்தான் கேட்பார். நடுக்கோட்டில் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தவர் நகரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். லேப்டாப்பைத் திறந்தார். திரையில் சிவப்பிலும் நீலத்திலும் அம்புக்குறிகள் பாய்ந்தன. எந்தப் பெண் எப்போது எங்கே ஓடவேண்டும் என்பதை அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். மேடம் பொறுமையாகப் பார்த்தார்.

"மேட்ச் அன்னிக்கு இது அணைஞ்சுபோச்சுன்னா இன்னா பண்ணுவே நைனா?"

"பேட்டரி பேக்கப் இருக்கு மேடம்."

"அப்ப அத்தையே கோச்சா போட்டுக்கலாமே. நீ எதுக்கு நடுவுல?"

இளைஞர் மூடிய லேப்டாப்போடு வெளியேறினார். எனக்குப் பரம திருப்தி.

அடுத்து வந்தவளைப் பார்த்ததும் என் திருப்தி அப்படியே வற்றியது. தேவிகா! சில வருடங்களுக்கு முன்னால், இறுதிப் போட்டியின் கடைசி நொடியில், எங்கோ தூரத்திலிருந்து பந்தை எறிந்து எங்களைத் தோற்கடித்த எதிரிக் கல்லூரிக்காரி. அன்றைக்கு நான் தின்ற பரோட்டா தொண்டையில் இறங்கவே இல்லை. அதன் பிறகு ஐ.டி. வேலைக்குப் போய், முகப்பேரில் ஃபிளாட் வாங்கியவள், வேலையை விட்டுவிட்டு இப்போது எங்கள் மைதானத்துக்கு வந்திருக்கிறாள். சித்திரை வெயிலில் அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. இதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு அந்தக் கடைசி பந்து. உன் கோச்சு உன்ன ஷூட் பண்ணச் சொன்னாளா?"

"இல்ல மேடம். பாஸ் பண்ணச் சொன்னாங்க. நான் கேக்கல."

"இப்ப நீ கோச்சு. உன் பேச்ச ஒரு பொண்ணு கேக்கல. இன்னா பண்ணுவே?"

தேவிகா கொஞ்சம் யோசித்தாள். "பந்து உள்ள போச்சுன்னா கை தட்டுவேன். போகலைன்னா, பஸ்ஸுல அவ பக்கத்துல போய் உக்காந்துப்பேன்."

மேடம் கடைசிவரை கேட்டுக்கொண்டார். அதுதான் என்னைக் கொன்றது. இத்தனை காலத்தில் என் பதில் எதையும் மேடம் முழுதாகக் கேட்டதில்லை. பாதியிலேயே திட்டிவிடுவார்.

கடைசியில் என் முறை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"டீ சாப்ட்டியா?" என்றார் மேடம்.

"சாப்பிட்டேன் மேடம்."

"சரி, போ."

"கேள்வி?"

"உன்ன இன்னாத்தடி கேக்கறது? நான் இன்னா கேப்பேன்னு உனுக்குத் தெரியும். நீ இன்னா சொல்லுவேன்னு எனுக்குத் தெரியும்."

இதைவிடப் பெரிய சான்றிதழ் உண்டா? அன்று மாலையே முகப்பேரில் ஒரு தையற்கடைக்குப் போய், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட டிராக் சூட்டுக்கு அளவு கொடுத்தேன். முதுகில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று எழுதச் சொன்னேன். "இவ்ளோ எழுத்து முதுகுல நிக்காதும்மா" என்றார் தையற்காரர். "நிக்கும். நிக்க வைங்க" என்றேன். மாமியாரிடம் சொல்லியாயிற்று. மாமியாரிடம் சொன்னதால் தெருவுக்கும் சொல்லியாயிற்று.

இரண்டொரு நாளில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். தலைமைப் பயிற்சியாளர்: தேவிகா.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே மாங்காட்டுக்குப் போனேன். மேடம் வீட்டுக் கூடத்தில் கால்களுக்கிடையே ஒரு பந்தை இடுக்கிக்கொண்டு, கைப் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நம்மளத் தோக்கடிச்சவளை எப்படி மேடம்...? நான் உங்ககிட்டயே ஆடி, உங்ககூடவே இருந்து, நீங்க நிக்கற மாதிரியே நின்னு, பேசற மாதிரியே பேசி..."

"அதாண்டி" என்றார் மேடம், பம்பை நிறுத்தாமல். "நீ அப்டியே நானு. இந்தக் காலேஜு ஒரு என்னியே தாங்கல. இன்னொண்ணு வேறயா?"

"அவளுக்குக் கத்தவே வராது மேடம்!"

"நான் கத்தி இன்னா கண்டேன்? அன்னிக்கு அவ ஒருத்தி சத்தமே இல்லாம போட்டுட்டுப் போய்கினே இருந்தா." பந்தைத் தட்டிப் பார்த்தார். "ஒக்காரு. காப்பி தரேன்."

காப்பி வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து குடித்தேன். அவர் போடும் காப்பி அப்படி.

அதற்குப் பிறகு நான் பட்ட எரிச்சலை எழுத இந்த வார இதழின் பக்கங்கள் போதாது. பெண்கள் தேவிகாவுக்கு மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு யாரும் விதைகூடக் கொடுத்ததில்லை. டீக்கடைக்காரர் எனக்கு முன்னால் அவளுக்கு டீ நீட்டினார். என் கணவர் ஒருநாள் என்னைக் கூப்பிட வந்தவர், "புது மேடம் நல்லாப் பேசறாங்களே" என்றார். அன்று வீட்டில் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்தான். அப்பளமும் கிடையாது.

எல்லாவற்றையும் மேடத்திடம் போனில் கொட்டுவேன். அவரும் காத்துக்கொண்டிருப்பார். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. பதவியைத் தன் கையால் எடுத்துக் கொடுத்த மனுஷிக்கு என்னைவிட அதிகமாக எரிந்தது.

"இன்னா பண்றா இன்னிக்கு?"

"பொண்ணுங்களைச் சுத்தி உக்கார வச்சு, 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேக்கறா மேடம்."

"இன்னாது! அதுங்களையா? அதுங்க இன்னா நினைக்கும், சாப்பாட்டப் பத்தி நினைக்கும். வெளங்கிடும்!" என்று மகிழ்ச்சியாகச் சிரிப்பார். பிறகு குரல் இறங்கும். "அதுங்க இன்னா சொல்லிச்சுங்க?"

போனில் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் காலை, கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால், தலையில் ஹெல்மெட்டோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார். நான் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் போனது. ஒரு பெண் எதிராளியின் காலைப் பார்த்து ஏமாந்தாள்.

"காலப் பாக்காதடீ! இடுப்பப் பாரு!"

மைதானம் உறைந்தது. பந்து தானாக உருண்டு போய் மூலையில் நின்றது. கரும்புச் சாற்றுக்காரர் டம்ளரைக் கீழே போட்டார். தேவிகா வாசலுக்கு ஓடினாள்.

"மேடம், உள்ள வாங்க!"

"நான் எதுக்கு? ஜூஸு குடிக்க வந்தேன்" என்றார் ஹெல்மெட்.

தேவிகா பெண்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சில்ல? இடுப்பைப் பாருங்க."

அன்று மேடம் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குப் போனார்.

அந்த வருட இறுதிப் போட்டி ஆவடியில். எதிரணி, தேவிகாவின் பழைய கல்லூரியேதான். மேடம் வருவேன், ஆனால் பெஞ்சுப் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டார். தேவிகா என்னிடம் வந்து, "அக்கா, நீங்க மேல அவங்ககூட உக்காந்துக்கறீங்களா? யாராவது பக்கத்துல இருக்கணும்ல" என்றாள். பெஞ்சில் இருந்த ஒரே இடமும் போயிற்று என்று பொருமிக்கொண்டே படியேறினேன்.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். தேவிகா டைம் அவுட் கேட்டாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் கேட்க, அவர்கள் பேசினார்கள். அணியிலேயே குள்ளமான பெண் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கினாள். தேவிகா தலையை ஆட்டினாள்.

"நெட்டையா நிக்கறாளே, அவகிட்ட போடு. வேற வழியே இல்ல" என்று முணுமுணுத்தார் மேடம். நானும் அதையேதான் நினைத்தேன்.

எதிரணியும் அதையேதான் நினைத்தது. எல்லோரும் நெட்டைப் பெண்ணை மொய்த்தார்கள். பந்து அவள் பக்கமே போகவில்லை. குள்ளப் பெண் இரண்டு பேருக்கு நடுவே குனிந்து நுழைந்து, யாரும் காவலில்லாத பக்கத்திலிருந்து பந்தை மேலே விட்டாள். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பினேன். மேடம் கை தட்டிக்கொண்டிருந்தார். அவரே அதை அப்போதுதான் கவனித்தார் போல, கைகளைப் பிரித்து உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"என்னவிட நல்லா பண்றாடி" என்றார். "வயிறு எரியுது."

"எனக்கும் மேடம்."

"உனுக்கும் எரியுதா?"

"ரொம்ப."

"நல்லது" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே பெண்கள் தேவிகாவைத் தூக்கிச் சுற்றும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

தேவிகா படிகளில் ஓடி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வியர்த்திருந்தது. மேடத்தின் முன்னால் வந்து, ஏதோ ஒரு வார்த்தைக்காக நின்றாள்.

"அந்தக் குட்டப் பொண்ணு ஷூ வாயப் பொளந்துகினு கீது. புதுசு வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு மேடம் இறங்கிப் போய்விட்டார்.

தேவிகாவின் முகம் வாடியது. அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்ககிட்ட மட்டும் தினமும் பேசறாங்க இல்ல? காப்பி எல்லாம் போட்டுத் தராங்களாம். எனக்கு ஒருநாள்கூட போன் பண்ணதில்ல. உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள்! அதுவும் இவள்! ஒரு வருடமாக நான் தயாரித்து வைத்திருந்த பதில்களை எல்லாம் தள்ளிவைத்தேன். "ஞாயித்துக்கெழம மாங்காட்டுக்கு வா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சாயங்காலம் மேடத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து கிளம்பினேன். வழி முழுக்க அணியின் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பூந்தமல்லி தாண்டியதும் பேச்சு குறைந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் தலை என் முதுகில் சாய்ந்தது. இரண்டு கைகளும் என் இடுப்பைச் சுற்றியிருந்தன. வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். மாங்காட்டில் அவர் தெருவுக்குத் திரும்பும் முனை வந்தது. எழுப்ப மனம் வராமல் குன்றத்தூர் பக்கம் நேராகவே போய்க்கொண்டிருந்தேன்.