ஹவா கம் கரோ

வளைகுடாவுக்குப் போகும் தமிழன் ஹிந்தி கற்றுக்கொள்வதில்லை. ஹிந்தி மாதிரி ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். 'அச்சா', 'ஜல்தி', 'காம் கரோ' ஆகியவற்றை வைத்துக்கொண்டே விசா முடியும்வரை காலத்தை ஓட்டிவிடலாம். நானும் அபுதாபியில் சைட் சூப்பர்வைசராக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதோடு நின்றிருக்கலாம். பெண் பார்க்கப் போன வீட்டில், "ஹிந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்துவிட்டேன். (பெண் ஹிந்திப் பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸானவள் என்று தரகர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.)

கல்யாணமான கையோடு செண்பகத்தை விசிட் விசாவில் வரவழைத்தேன். கூடவே மாமனாரும் வந்தார். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரில் பார்க்காமல் நம்ப மாட்டார். மாப்பிள்ளை தேறுவான் என்று பட்டால் மகளை விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறுவார். இல்லையென்றால் கையோடு கூட்டிப்போய்விடுவார். இதை அவர் ஒளிக்கவும் இல்லை.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அல் ஐன் பக்கத்தில் மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஏரிக்கு அழைத்துப் போனேன். முசஃபா ஒர்க்‌ஷாப் நண்பனிடம் ஃபோர் வீல் வண்டி இரவல் வாங்கினேன். மணலில் நான் ஓட்டியதே இல்லை. 'ஃபோர் வீல்' என்று பெயரிலேயே இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

வழியில் பெட்ரோல் பங்க். மாமனாரும் செண்பகமும் தண்ணீர் வாங்கக் கடைக்குள் போயிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த பட்டாணியர், நாங்கள் மணலுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் டயரைத் தட்டிக் காட்டி, "பாய், ஹவா கம் கரோ" என்றார்.

என் காதில் விழுந்தது 'ஹவா காம் கரோ'. ஹவா என்றால் காற்று, காம் என்றால் வேலை. காற்று வேலையைப் பார்க்கச் சொல்கிறார்! குழாயை எடுத்து நானே காற்று அடித்தேன்.

அவர் பதறிப்போய், "கம்! கம்!" என்று கத்தினார்.

"அச்சா பாய், அச்சா!" என்று இன்னும் அடித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நம் உழைப்பைப் பார்த்து அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். முந்தின வாரம் பெய்த மழையில் மணல் முழுக்கப் பச்சை துளிர்த்திருந்தது. மேடு ஏறினதும் கீழே நீலமாக ஏரி, கரையில் நாணல், வரிசையாகக் கொக்குகள். மாமனார் முதல்முறையாகச் சிரித்தார்.

"பாலைவனம்னாவ! இது நம்ம பாபநாசம் கணக்கால்லா இருக்கு, மாப்பிள!"

அந்தச் சிரிப்புக்கு மயங்கித்தான் தண்ணீரை நோக்கிச் சரிவில் வண்டியை இறக்கினேன். பாதியில் சக்கரம் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்னும் புதைந்தது. மிதிக்க மிதிக்க வண்டி ஏரிப் பக்கமாகச் சரிந்தது. 'பெண்டாட்டியும் போகிறாள், இரவல் வண்டியும் போகிறது' என்று நினைத்துக்கொண்டே கத்தினேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க!"

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். நான் மிதித்தேன். சக்கரம் அள்ளி வீசியதில், ரவையில் புரட்டிய கட்லெட் மாதிரி நின்றார். மீசை எங்கே, மணல் எங்கே என்று தெரியவில்லை.

செண்பகம் இறங்கி டயரை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"என்னங்க, கடைக்குள்ள இருந்து பாத்தேன், பங்க்ல அந்த ஆளு தலைல அடிச்சுக்கிட்டாரே, என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"ஹவா காம் கரோ."

"காமா, கம்மா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவமா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "கம்னா குறைக்கணும். மணல்ல புதையாம இருக்கக் காத்த இறக்கச் சொல்லிருக்காரு. நீங்க ஏத்திட்டு வந்திருக்கீங்க."

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, டயர் ஒவ்வொன்றிலும் வால்வை அழுத்திப் பிடித்தாள். 'புஸ்' என்று இறங்கியது டயரில் இருந்த காற்று மட்டுமல்ல. டயர் தொப்பையாகப் பிதுங்கியதும், சக்கரத்தை ஒட்டி மணலைத் தோண்டிவிட்டு, "இப்ப மெதுவா" என்றாள். ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி மேலே ஏறியது.

திரும்பும் வழியெல்லாம் மாமனார் மீசையை உதறிக்கொண்டே வந்தார். அபுதாபி வந்ததும் காதிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ளைய இங்கயே விட்டுட்டுப் போறேன். இவ இல்லன்னா நீங்க பொழைக்க மாட்டீய."

பெரிய அவமானம். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது பெரிதாக அளக்க ஆரம்பித்தால் போதும். தமிழில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசத் திணறும் என் மகள்கூட, "டாடி, ஹவா கம் கரோ" என்பாள்.

இதை எழுதும்போதும் செண்பகம் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"வண்டி ஏரிப் பக்கமா சரிஞ்சுச்சா? ஹவா கம் கரோ."

சரி. ஏரி கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.