ஒரே ஒரு கனெக்டர்

பழைய கார் வைத்திருக்கும் மனிதர்களை மூன்று இனமாகப் பிரிக்கலாம். ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். ஓட்டாமல் துடைத்துத் துடைத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னோர் இனம். இவர்களால் வீட்டுக்கும் நாட்டுக்கும் பெரிய தொந்தரவில்லை, விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது மூன்றாவது இனம். இவர் காரை ஓட்டவும் மாட்டார், துடைக்கவும் மாட்டார். அதன் வயிற்றுக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் பிரித்துப் போட்டு, ஒயரும் ஒயரும் சேரும் இடத்தில் இருக்கிற கனெக்டர் என்ற பித்தளைத் துண்டில் பச்சைப் பசேலென்று படிந்திருக்கும் களிம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பார். நேற்றும் சுரண்டினார். நாளையும் சுரண்டுவார். கார் எப்போது ஓடும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"ஒரே ஒரு கனெக்டர்தான் பாக்கி."

உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டூத் பிரஷ் வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள்.

நாம் பார்க்கப்போகிறவருக்குத் தெரு வைத்த பெயர் களிம்பு சார். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன மாதமே, தன்னைவிடச் சற்றே இளையதான பாலாடை நிறக் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய அன்று அது நன்றாக ஓடித்தான் வந்தது. வாசலில் நிறுத்திப் பெருமையோடு ஹாரனை அழுத்தினார். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரலில் கத்தியது. "கனெக்‌ஷன்ல களிம்பு" என்றார். அதற்கப்புறம் அந்தக் கார் வாசலைத் தாண்டவில்லை.

அவர் வேலை செய்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு ஒவ்வோர் ஒயருக்கும் காகித டேப் ஒட்டி எண் போடுவார், எண் போட்டதைப் போட்டோ எடுப்பார், போட்டோவில் எண் தெரியவில்லை என்று மறுபடியும் பெரிதாக எழுதுவார், வினிகரில் உப்பைக் கரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றிக் குழிக்கு ஒன்றாகக் கனெக்டர்களை ஊறப்போடுவார், ஊறியதைச் சோடா மாவுத் தண்ணீரில் அலசி, பிரஷால் ஒரு முறை, உப்புத்தாளால் ஒரு முறை, பென்சில் ரப்பரால் ஒரு முறை தேய்த்து, ஹேர் டிரையரால் காயவைத்து, வாஸ்லின் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார்.

வினிகர் யாருடையது? ஹேர் டிரையர் யாருடையது? எல்லாம் அவர் மனைவியுடையது. பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், ஊருக்கெல்லாம் சிஸ்டரம்மா. நைட் டியூட்டி முடிந்து தள்ளாடி வந்து, ஒரு டம்ளர் ஜூஸில் ஆசையாக ஐஸ் போட்டுக் குடித்து, அது வினிகராக நாறியதில் அன்று முழுக்க வாய் கொப்பளித்த உத்தமி. அந்த வீட்டில் டூத் பிரஷுக்கு ஆயுசு ஒரு வாரம். புதிது வாங்கி வந்தால் சிஸ்டரம்மா கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொள்வார்.

இந்த இனத்துக்கு உலகமே கனெக்‌ஷன்தான். வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்யவில்லையா, "அவன் போன்ல சார்ஜ் போடற ஓட்டையச் சுத்தம் பண்ணச் சொல்லு." மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று மனைவி சொன்னால், "ஜாயிண்ட்ல ஏதாவது படிஞ்சிருக்கும்" என்று சொல்லும்போதே அவர் கண் பிரஷ் பக்கம் போகும். சிஸ்டரம்மா காலை இழுத்துப் புடவைக்குள் மூடிக்கொள்வார். அதே வீட்டில் அழைப்பு மணி செத்து வெகுகாலமாயிற்று. அதைப் பார்க்கக் கூடாதா என்றால், "அதுக்கெல்லாம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்மா, எனக்கு நேரமில்ல."

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரமாகவே போயிருக்கும், அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால். அன்றைக்குச் சிஸ்டரம்மாவுக்கு வேலையில் கடைசி நாள். இத்தனை வருஷமும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, கம்பியைப் பிடித்துத் தொங்கி, மருந்து வாசனையோடு வீடு வந்து சேர்ந்தவர். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க அந்த வாசலிலிருந்து காரில் ஏறிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வார்டில் வாய்விட்டுச் சொல்லியும்விட்டார்.

"என் வீட்டுக்காரர் கார்ல வந்து கூட்டிட்டுப் போவாரு, பாருங்கடி."

"அக்கா, அந்தக் கார் நிஜமாவே இருக்கா?" என்றாள் ஒரு வாய்த்துடுக்குக்காரி. "இல்ல, சார் ஒயரை மட்டும்தான் வச்சிருக்காரா?"

வார்டே சிரித்தது. சிஸ்டரம்மாவும் சிரித்தார். உள்ளே சுருக்கென்று தைத்தது.

புதன்கிழமை காலை அந்த அதிசயம் நடந்தது. சமையலறையில் இருந்தவருக்கு வாசல் பக்கத்துக் கார் ஷெட்டிலிருந்து ஒரு கனைப்பு, ஓர் இருமல், அப்புறம் கடகடவென்று இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. கையில் கரண்டியோடு ஓடினார். கார் உயிரோடு உதறிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது. உள்ளே உட்கார்ந்திருந்த களிம்பு சாரின் முகத்தில் ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்தார் சிஸ்டரம்மா. அந்த முகமோ வேலையை விட்டு நீக்கப்பட்டவன் முகம்போலத் தொங்கிக் கிடந்தது.

"ஓடுதுங்க!"

"ஓடுது" என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில். சாவியைத் திருப்பி அணைத்தார். "ஆனா பிரேக் லைட் கொஞ்சம் மங்கலா இருக்கற மாதிரி இல்ல?"

மத்தியானம் சிஸ்டரம்மா எட்டிப் பார்த்தபோது ஒயரெல்லாம் மறுபடியும் தரையில் கிடந்தது. ஐஸ் டிரேயில் வினிகர். பிரஷ் கையில். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சிஸ்டரம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "ஏங்க, அது ஓடிட்டா உங்களுக்குப் பொழுது போகாது, அதானே?"

களிம்பு சார் தேய்ப்பதை நிறுத்தினார்.

"ரிட்டயர் ஆன மறுநாள் நீங்க எழுந்து பேன்ட் சட்டை போட்டுட்டு ஹால்ல நின்னீங்களே, நான் பார்த்தேங்க. அதனாலதான் இத்தன நாளும் வாயத் திறக்கல. நீங்க ஆயுசு பூரா தேய்ங்க. எனக்கு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மட்டும் கார் வேணும். அவ்வளவுதான்."

அவர் ஒயர்களைப் பூட்ட ஆரம்பித்தார். பூட்டும்போது ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூட்டமே நின்றது. பூங்கொத்தோடு நடுவில் சிஸ்டரம்மா. கண் தெருமுனையிலேயே இருந்தது. வந்தது கார்! பாலாடை நிறத்தில், பளபளவென்று, பெரிய மனுஷத் தோரணையில் ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. வாய்த்துடுக்குக்காரி வாயைப் பிளந்தாள். சிஸ்டரம்மா பின்சீட்டில் ஏறி, ராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, கையசைத்தார்.

"சார், புகையா வருது, போட்டோல யாருமே தெரியல. கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றார் கூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற டாக்டர்.

அணைத்தார். போட்டோ எடுத்தாயிற்று. சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். இஞ்சின் மூச்சுக்கூட விடவில்லை. களிம்பு சாரின் கை சட்டைப்பைக்குப் போனது. பிரஷ் வெளியே வந்தது. சிஸ்டரம்மாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"இறங்காதீங்க சார்!" என்று கத்தினாள் அதே வாய்த்துடுக்குக்காரி. "கியர்ல போட்டு கிளச்ச மிதிச்சுக்குங்க, நான் சொல்றப்ப விடுங்க. வாங்கடி எல்லாரும்!"

இருபது நர்சுகள் காரின் முதுகில் கை வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் கத்தினார்கள்.

"முக்கு! முக்கு! மூச்சைப் பிடிச்சு முக்கு! இதோ, தலை தெரியுது!"

"விடுங்க சார்!"

கார் ஒரு குலுக்குக் குலுக்கி, வீலென்று அலறிக்கொண்டு உயிர்பெற்றது. வாசலே கைதட்டியது. சிஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பூங்கொத்தை ஜன்னல் வழியாக ஆட்டியபடி பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வீட்டுக்குப் போனதேயில்லை.

திங்கட்கிழமை காலை அவர் பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்து குளித்து, தலை வாரி, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் ஹாலில் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். அப்புறம் ஷெட்டுக்குப் போனார்.

"இதும்மா, இதுதான் வெள்ளிக்கிழமை கழுத்தறுத்தது" என்று களிம்பு சார் ஸ்டார்ட்டர் ஒயரின் கனெக்டரை நீட்டினார். "களிம்பு இருக்கா பாரு. என் கண்ணுக்குத் தெரியல."

சிஸ்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். களிம்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. தேய்த்துத் தேய்த்தே பித்தளை மெலிந்து, வாய் அகன்று, எதிர்முனையைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் தளர்ந்துபோயிருந்தது. குறட்டால் ஓர் அழுத்து அழுத்தினால் இறுகிவிடும். கார் ஓடும். ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம்? செவ்வாய்க்கிழமை இருவரும் என்ன செய்வது?

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷன்மாரைப்போல களிம்பு சார் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குங்க" என்றார் சிஸ்டரம்மா. "உள்ள, ரொம்ப உள்ள, பச்சையா தெரியுது. அந்த பிரஷை இப்படிக் குடுங்க. நீங்க தேய்க்கிற விதமே சரியில்ல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் ஒன்று இருக்கிறதே, எழுதப்போகிற புத்தகமோ, திறக்கப்போகிற கடையோ, போகப்போகிற பயணமோ, இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி என்று நீங்கள் நாள்தோறும் தட்டிக்கொட்டிக்கொண்டிருக்கும் அது. யாராவது ஒருவர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ தயாராயிடுச்சே, கிளம்புங்க" என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷம் வருமா, கோபம் வருமா?

கோபம் வந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.